கருங்கணவாய்க் கோட்டையை ஆள்வது பற்றி என் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ கேட்டபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னோடு ஆடப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மேசைக்காரர்களுக்கும் இதைப் படித்துக் காட்டப்போவதாகச் சொன்னதிலிருந்து எனக்குச் சற்றுப் பயம். எங்கே தொடங்கி எங்கே போகிறேன் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதால், முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. கோட்டையை எங்கே கட்டுவது.
2. அதற்குள் குடியிருப்பவர்களுக்கு எதைக் கொடுப்பது.
3. வழக்கு என்று வருபவர்களை என்ன செய்வது.
4. ஆள்பவர் ஊரில் இல்லாதபோது ஆட்சியை என்ன செய்வது. போனில் நாம் பேசி முடிக்காமல் விட்டது இதுதான்.

மாப்பிள்ளையின் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார் என்றாய். அவருக்காக ஒரு விளக்கம். நாம் மேசையில் ஆடுவது ஒருவரை ஒருவர் தோற்கடிக்கும் ஆட்டம் இல்லை. ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போகிறார். மழை, பகைவர், வழியில் வரும் பிச்சைக்காரர் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் அந்த உலகத்தில் ஆளுக்கு ஒரு மனிதராக இருந்து, நான் கதவைத் திறக்கிறேன், நான் ஓடுகிறேன் என்கிறார்கள். நடந்ததா இல்லையா என்று பகடை சொல்கிறது. வாளும் மந்திரமும் உள்ள உலகம். அலைந்து திரிந்து தேறிய பிறகு அந்த மனிதர்களுக்கு நிலம் கிடைக்கிறது. அவர்கள் கோட்டை கட்டுகிறார்கள், குடிகள் வந்து சேர்கிறார்கள். அதுவரை தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்றிருந்தவர் அப்போதிலிருந்து ஊரைக் காப்பாற்ற வேண்டும். உன் மேசை இப்போது வந்து நிற்கும் இடம் அது.

நீயும் அருளும் ஷோபாவும் மாரிகுப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த நாட்களில், டிபன் பாக்ஸ் மூடியை மடியில் வைத்துப் பகடை உருட்டிப் பழகியவர்கள். பகடை சீட்டுக்கு அடியில் ஓடிப்போனால் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பித் தேடுவீர்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஆட்டம் மைசூர் மைன்ஸில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. உலகத்தைச் சொல்பவள் நீ. நான் எதிர் அறையில் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டு ஒட்டுக்கேட்டேன். தங்கச் சுரங்கத்தின் சர்வே ஆபீசில் வரைபடம் வரைந்தவன் என்பதால், ஒருநாள் "அப்பா, ஒரு மலைக்கணவாய் வரைஞ்சு குடுங்க" என்றாய். வரைந்து கொடுத்தேன். கொடுத்தவனை அருள் விடவில்லை. "இவ்ளோ நல்லா வரைஞ்சுட்டு அங்கிள் இன்னாத்துக்கு வெளியே நிக்கறாரு? அவருக்கும் ஒரு ஆளைக் குடு" என்றான். இப்படித்தான் நான் மருதன் ஆனேன். போரில் ஓடி ஒளிந்து உயிர் பிழைத்த ஒரு கிழட்டு வீரன். எனக்கு அதற்குமேல் துணிச்சலான ஆளாக நடிக்க வராது என்று தெரிந்தே அவனை உருவாக்கினாய்.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். கருங்கணவாயின் உச்சியில் எங்களுக்கு நிலம் கிடைத்தபோது கோட்டை வரையும் வேலை என்னிடம் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் வரைந்ததில்லை. சுவரின் தடிமன், காவல் கோபுரங்களின் கோணம், கீழே வரும் பாதையில் எந்த வளைவிலிருந்து பார்த்தால் எந்தத் துளை தெரியும் என்பதுவரை அளந்து வைத்தேன். மேசையில் விரித்தபோது ஷோபா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். டீ கொண்டுவந்த உன் அம்மாவும் குனிந்து பார்த்தாள்.

"நல்லா கீது. தண்ணி எங்கேர்ந்து வரும்?"

நீ வாயை மூடிக்கொண்டு சிரித்தாய். "ஆன்ட்டி, இது மந்திர உலகம்" என்றான் அருள். "மந்திரத்துல டேங்கர் வருமாப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அந்தக் கோடையில் கருங்கணவாய்க்கு எந்தப் பகைவனும் வரவில்லை. தாகம்தான் வந்தது. நான் கோணம் அளந்த கோபுரங்களில் காவல் நிற்க ஆள் இல்லை, எல்லோரும் குடத்தோடு மலையடிவாரத்துக்கு இறங்கிவிட்டார்கள். குழாயில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்பதை வைத்துக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் கோட்டை என்றதும் எங்கள் மூவருக்கும் சுவர்தான் கண்ணில் பட்டது.

அதற்கு அடுத்த வாரம் உன் வண்டியில் என்னைப் பின்னால் உட்காரவைத்துப் பூதிகோட்டையில் இருக்கும் பழைய பாறைக்கோட்டைக்குக் கூட்டிப்போனாய். அங்கே பாறைமேல் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. நீ என் பையை வாங்கி உன் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தாய். மேலே பாறை இடுக்கில் தேங்கியிருந்த தண்ணீரைக் காட்டி, "கட்டினவங்க மொதல்ல இத்தப் பாத்துருப்பாங்கப்பா" என்றாய். உன் மேசைக்காரர்களுக்கு நான் சொல்வதும் அவ்வளவுதான். வரைபடத்தில் முதல் கோடு தண்ணீருக்கு. சுவர் அதைச் சுற்றித் தானாக வரும்.

இரண்டாவது விஷயம் நான் செய்த பெரிய தவறு. வேறு ஊர்க்காரர்கள் இந்தத் தவறைச் செய்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கிணறு வெட்டிய பிறகு குடிகள் திரும்பி வந்தார்கள். கணவாய்க்குக் கீழே வெள்ளிப் படிவம் ஒன்று இருப்பதாக நீ சொன்னாய். எங்களுக்குக் கை துறுதுறுத்தது. சுரங்கக்குழியான ஷாஃப்டை எங்கே இறக்குவது, ஷிஃப்ட் எத்தனை, சங்கு எப்போது ஊதுவது என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசினோம். வரிசை வரிசையாக வீடுகள், வரிசைக்கு ஒரு எண். மருத்துவர் இலவசம், பள்ளிக்கூடம் இலவசம், விளக்கெண்ணெய் இலவசம், வருடத்துக்கு ஒரு கம்பளி. சந்தை வேண்டுமா, ஊருக்கு ஒரு பொது மன்றம் வேண்டுமா என்று நீ இரண்டு முறை கேட்டாய். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றோம். எங்கள் மூவருக்கும் ஊர் என்றால் கம்பெனி, அதன் குவார்ட்டர்ஸ். ராஜாவாகும் வாய்ப்புக் கிடைத்தும் மேனேஜராகத்தான் ஆனோம்.

அந்தக் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கொள்ளைக் கூட்டம் வந்தது. காவலுக்கு நம் குடிகளில் எத்தனை பேர் சுவர்மேல் ஏறுவார்கள் என்று பகடை உருட்டச் சொன்னாய். மோசமாக விழவில்லை. ஆனாலும் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கு வாசல் வழியாகப் போகிறார்கள் என்றாய். அருளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா இது அநியாயம்? ஆஸ்பத்திரி கட்டிக் குடுத்தோம். கம்பளி குடுத்தோம். ஓடறானுங்களா?"

"அவங்களையே கேளு" என்றாய்.

"யாரைக் கேக்கறது? யாராச்சும் ஒருத்தரை நிறுத்து."

நீ ஒருத்தியை நிறுத்தினாய். கோதை என்று பெயர் வைத்தாய். சுரங்கத்தில் வேலை செய்பவள், தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. அவள் குரலில் மெதுவாகச் சொன்னாய்: "அந்த வூடு என்னுதாங்க ஐயா? வேலை போனா வூட்டைக் காலி பண்ணணும்னு நீங்கதானே எழுதி வெச்சீங்க. உங்க வூட்டைக் காப்பாத்த நான் இன்னாத்துக்கு சுவத்து மேல ஏறி சாவணும்?"

ஷோபா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய நம் லைனின் வீடுகள் தெரியும். சுரங்கம் மூடிய பிறகு இந்த வீடு நமதா இல்லையா என்று நானும் உன் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட நாட்களில் நீ சிறு பெண். தூங்கிவிட்டாய் என்று நினைத்தோம். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி உன்னிடம் அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. மருதனின் குரலில், "எல்லா வீட்டையும் அவரவர் பெயருக்கு எழுதிக் கொடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். "இப்ப சொல்லி இன்னா பண்றது, கூட்டம் வாசலுக்கு வந்துடுச்சு" என்றாய், இரக்கமில்லாமல். அது சரி. வடக்குச் சுவரை இழந்தோம். அடுத்த பருவத்தில் வீடுகளை எழுதிக் கொடுத்தோம், கோதை திரும்பி வந்தாள். உன் மேசைக்காரர்கள் சுவர் எழுப்புவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடட்டும்.

மூன்றாவது விஷயத்தில் எனக்குச் சொல்லத் தகுதி குறைவு. கோட்டை என்று ஒன்று இருந்தால் வழக்கும் வரும். ஒரு எருமைக்கு இரண்டு வீட்டார் உரிமை கொண்டாடி மருதனிடம் வந்தார்கள். இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகப் பட்டது. சாட்சி கேட்டேன். சாட்சிக்குச் சாட்சி கேட்டேன். அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்தேன். எருமை கன்று போட்டது. கன்று யாருக்கு என்று அதற்கு ஒரு வழக்கு வந்தது.

"அங்கிள் கோர்ட்ல கேஸ் போட்டா பேரப்புள்ள வந்துதான் தீர்ப்பு வாங்கணும்" என்றாள் ஷோபா.

"எருமைக்குப் பேரப்புள்ள வந்துடும் மொதல்ல" என்றான் அருள்.

அதற்குப் பிறகு நீ ஒரு விதி போட்டாய். டீ வருவதற்குள் தீர்ப்புச் சொல்லவில்லை என்றால் பகடை தீர்ப்புச் சொல்லிவிடும். உன் அம்மாவுக்கு இந்த விதி தெரிந்த நாளிலிருந்து டீ சீக்கிரமாக வர ஆரம்பித்தது. சில நாள் பால் சரியாகக் காய்ந்திருக்காது. அவசரத்தில் நான் சொன்ன தீர்ப்புகளில் சில தவறானவை. தவறான தீர்ப்பு வாங்கியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள். தீர்ப்பே வாங்காதவர்கள்தான் ஒருவர் வேலியை ஒருவர் கொளுத்தினார்கள். இதை விதியாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நடந்ததைச் சொன்னேன்.

நான்காவது. நீ கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனதிலிருந்து கருங்கணவாயில் காலத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். அறுவடைக்கு முந்தின நாளில் நிற்கிறது. வரைபடம் மேசைமேல் அப்படியே இருக்கிறது. வீடுகளுக்கு வைத்த பித்தான்களும் காவலாளிகளுக்கு வைத்த புளியங்கொட்டைகளும் இடம் மாறவில்லை. நானும் உன் அம்மாவும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். இது சரி என்று ஏன் நினைக்கிறேன் என்றால், அந்த உலகம் உன்னுடையது. எந்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும். கோதை அடுத்து என்ன சொல்வாள் என்று உனக்குத்தான் தெரியும். இன்னொருவர் உள்ளே போய்க் கையை வைத்தால் அது வேறாகிவிடும், திரும்பச் சரிசெய்ய முடியாது. ஆகவே உன் மேசைக்காரர்களுக்கும் சொல்கிறேன்: ஆட்டத்தை நடத்துபவர் ஊரில் இல்லையென்றால் வாசலைச் சாத்துங்கள், காலத்தை நிறுத்துங்கள், அவர் வரும்வரை காத்திருங்கள்.

போனில் நீ இதை ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க நடத்துங்கப்பா. இல்லன்னா அருளும் ஷோபாவும் எத்தினி நாள் சும்மா இருப்பாங்க? மேசை கலைஞ்சுடும்" என்றாய்.

"எனக்கு அந்தக் குரலெல்லாம் வராதும்மா."

"குரல் வேணாம். மழை பெய்யுதா இல்லையான்னு சொன்னா போதும்."

"நான் தப்பாச் சொல்லிட்டா?"

"தப்பா பெய்யட்டும்" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் வருகிறது என்று போனை வைத்துவிட்டாய். பொங்கலுக்கு நீ வரும்வரை காத்திருப்பது என்று நான் அருளுக்கும் ஷோபாவுக்கும் சொல்லி அனுப்பினேன்.

இதுவரை எழுதியது சனிக்கிழமை. இதற்குக் கீழே எழுதுவது ஞாயிறு மாலை.

மதியம் அருளும் ஷோபாவும் வந்தார்கள். உட்காரவில்லை. பெங்களூரில் அருளின் ஆபீஸ்காரர்கள் ஒரு மேசை நடத்துகிறார்களாம், ஞாயிற்றுக்கிழமைகளில். இருவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆட்டத்தில் தங்கள் ஆட்களைப் பற்றி எழுதிவைத்த தாள்களை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தார்கள். அருள் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். நான் தாள்களை எடுத்து, மூலைகளைச் சமப்படுத்தி, ஆளுக்கு ஓர் உறையில் போட்டுக் கொடுத்தேன். பொங்கல் வரை பொறுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சுவது போல இருக்கும் என்று தோன்றியது.

உன் அம்மா அவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. மேசையில் இடமில்லாததால் ஆளுக்கு ஒரு தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள். ஷோபா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் ஆளு இந்த மலை மேல நின்னுகினே கீறா அங்கிள். மூணு மாசமா. கால் வலிக்கும் பாவம்."

"அறுப்புக்குப் பயிரு நிக்குதுன்னு சொன்னீங்களே, அத்த யாரும் அறுக்கலையா?" என்றாள் உன் அம்மா, ரசம் ஊற்றிக்கொண்டே. "இந்நேரம் உதிர்ந்து போயிருக்குமே."

"அங்கே இன்னும் மறுநாள் ஆகல" என்றேன்.

"அங்க இருக்கறவங்களுக்கும் அது தெரியுமா?"

அருள் சிரித்தான். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "அங்கிள், சும்மா கேக்கறேன். போறதுக்கு முன்னாடி நான் கோதை வூட்டுக் கதவைத் தட்டினா, தொறப்பாளா?" என்றான்.

பாப்பா வந்தபிறகு கேட்டுக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"திறப்பாள்" என்றேன். "கையில் அரிவாள் இருக்கிறது. வானத்தைப் பார்க்கிறாள்."

"இன்னா சொல்றா?"

எனக்கு அவள் குரல் வரவில்லை. என் குரலிலேயே சொன்னேன். நாளைக்கு மழை வரும், இன்றைக்கே அறுக்க வேண்டும், கோட்டைக் காவலாளிகள் எல்லோரையும் வயலுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கிறாள் என்றேன். அனுப்பினால் சுவர் காலியாக இருக்கும். அருள் தட்டைக் கீழே வைத்தான். ஷோபா தன் உறையைப் பிரித்தாள். "அனுப்பாத. வடக்கே என்னா வருதுன்னு தெரியாது" என்றாள். "பயிரு போனா எல்லாரும் போய்டுவாங்க" என்றான் அவன். இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் பகடையை எடுத்தேன். மழை ஒரு நாள் முன்னதாகவே வந்தது.

நன்றாக நடத்தினேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடங்களில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினேன். ஷோபா திருத்தினாள். அறுவடையில் பாதி போய்விட்டது. கிணற்றை ஒட்டிய கரை சரிந்தது. கிழக்குக் கோபுரத்தின்மேல் இடி விழ வேண்டுமா என்று யோசித்து, யாரையும் கேட்காமல் விழட்டும் என்று முடிவு செய்தேன்; கோபுரம் இடிந்து சரிந்தது. அது அருள் ஆசை ஆசையாகக் கட்டிய கோபுரம்.

"பாப்பா இருந்தா இப்டி பண்ணிருக்க மாட்டா அங்கிள்" என்றான்.

"சும்னே இரு" என்றாள் ஷோபா. "கீழ மாட்டிகினவங்களை மொதல்ல வெளிய எடுக்கணும். அங்கிள், யாரு யாரு உள்ளே இருக்காங்க?"

அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன். யார் யார் என்று எனக்கே இன்னும் தெரியாது. அவர்கள் போகும்போது இருவர் தாள்களும் மேசையிலேயே இருந்தன. உறைகளை மட்டும் உன் அம்மா எடுத்துப் பொட்டலம் மடிக்க வைத்துக்கொண்டாள்.

ஆகவே, பாப்பா, பொங்கலுக்கு நீ வரும்போது கருங்கணவாய் நீ விட்ட இடத்தில் இருக்காது. கோதை உன்னிடம் பேசியதைவிடக் குறைவாகத்தான் பேசுகிறாள். கிழக்கே கோபுரம் இல்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதி, பிறகு கிழித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அந்த இடிபாடுகளுக்குக் கீழே யாரை வைப்பது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் மேசைக்காரர்களுக்கு முதல் மூன்றையும் படித்துக் காட்டு. நான்காவது விஷயம் தவறு.

உன் அப்பா